தாத்தாவின் கத்தியோடு சோலிங்கனுக்கு

பாட்டியின் காரியங்கள் முடிந்த பிறகு தைப்பிங் வீட்டைக் காலி செய்தோம். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த மடக்குச் சவரக்கத்தி. கைப்பிடி மஞ்சளாகி வெடித்திருந்தது. மழைக்குப் பெயர்போன ஊரல்லவா, இரும்பு முழுக்கத் துரு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். கத்தியின் அடிப்பகுதியில் ‘சோலிங்கன், ஜெர்மனி’ என்ற எழுத்துகள் தெரிந்தன.

“அதத் தூக்கிப் போட்டுடு” என்றார் அப்பா.

தாத்தா தைப்பிங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். அந்தத் தொழிலைச் சொல்லியே பள்ளியில் அப்பாவைக் கேலி செய்திருக்கிறார்கள். படித்து, அரசாங்க வேலைக்குப் போன பிறகும் அந்த வடு ஆறவில்லை. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், “கடை வெச்சிருந்தாரு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன கடை என்று சொல்லமாட்டார். நான் கத்தியைத் தூக்கிப் போடவில்லை. கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த ஆண்டு அலுவலக வேலையாக ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகருக்குப் போகவேண்டி வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் சோலிங்கன் பக்கத்திலேயே இருக்கிறது. ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால் பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து விமானம் ஏறினேன்.

கத்திகளின் ஊர்

சோலிங்கன் தன்னை ‘கத்திகளின் நகரம்’ என்றே அழைத்துக்கொள்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பேருந்துதான். தலைக்கு மேல் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பேருந்து. 1952 முதல் இங்கே இப்படித்தான் ஓடுகிறதாம். மேடும் பள்ளமுமான ஊரில் சத்தமே இல்லாமல் ஏறி இறங்குகிறது.

அதில் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, கிராஃப்ராத் என்ற பகுதிக்குப் போனேன். கருங்கல் பலகை வேய்ந்த சுவர்கள், வெள்ளைச் சன்னல் சட்டங்கள், பச்சைக் கதவுகள் என்று வீடெல்லாம் ஒரே குடும்பம் போல இருந்தன. அங்கே ஒரு பழைய கன்னியர் மடத்தில் ஜெர்மன் கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது. வாள், குத்துவாள், சாப்பாட்டு மேசைக் கத்தி, சவரக்கத்தி எல்லாம் கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. தாத்தாவுடையதைப் போன்ற மடக்குக் கத்தியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஒரே ஊரில் பிறந்த கத்திகள். ஒன்று வெல்வெட் துணிமேல் படுத்திருந்தது. இன்னொன்று பிஸ்கட் டின்னில் கிடந்து வந்திருந்தது.

சோலிங்கன் என்ற பெயரை யாரும் இஷ்டத்துக்குப் பொறித்துவிட முடியாது. 1938-இலேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் முக்கியமான வேலைகள் இந்த வட்டாரத்தில் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும்.

அந்தப் பெயருக்காக உழைத்தவர்களின் கதை அவ்வளவு பளபளப்பாக இல்லை. ஊரைச் சுற்றி ஓடும் வுப்பர் ஆற்றின் கரையில் சாணைக் குடில்கள் இருந்தன. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றும். பால்க்ஹவுசர், விப்பர் ஆகிய குடில்களை இன்றும் பார்க்கலாம். கல்தூசியைச் சுவாசித்துச் சுவாசித்துச் சாணைக்காரர்களின் நுரையீரல் கெட்டது. முடிந்த சரக்கைப் பெண்கள் தலையில் கூடையாகச் சுமந்து வியாபாரிகளிடம் சேர்த்தார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் சிலையே இருக்கிறது. கூடை சுமந்தவளுக்குச் சிலை வைத்த ஊரில் என் அப்பாவின் நினைவு வந்தது.

கத்தி சொன்ன சாட்சி

மறுநாள், ஊருக்குள் ஒரு சிறிய பட்டறையைத் தேடிப் போனேன். வயதான சாணைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். கத்தியைக் கொடுத்ததும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நகத்தை வைத்து விளிம்பில் மெல்லத் தட்டினார். விரிசல் இருந்தால் ஓசை மாறிவிடுமாம். மாறவில்லை.

பிறகு ஒரு அளவுகோலை வைத்தார். புதிதாக இருந்தபோது 5/8 அங்குல அகலம் இருந்திருக்க வேண்டும் என்றார். இப்போது அரை அங்குலம்தான் இருந்தது. மீதி எங்கே போனது? கல்லில் போனது. சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் சேர்ந்தே கல்லில் படவேண்டும். முதுகின் கனம்தான் கூர்மையின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பக்கம் கை சாய்ந்தால் முதுகு ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்துவிடும். அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தன.

“பல வருஷம், ஒரே கை. இந்த மனிதருக்கு வேலை தெரியும்” என்றார்.

யார் என்று கேட்டார். “என் தாத்தா. முடிதிருத்துநர்” என்றேன். அந்தச் சொல்லை வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை.

கத்தியின் நுனியருகே சின்னதாக ஒரு பல் விழுந்திருந்தது. அதை மட்டும் அவர் கல்லில் எடுத்துத் தந்தார். மற்றதை நீயே செய் என்று சொல்லிக் கொடுத்தார். மின்சாரச் சாணையில் பிடித்தால் சூட்டில் எஃகு பதம் இழந்துவிடும் என்பதை இரண்டு முறை சொன்னார். வெடித்துப்போன செல்லுலாய்டு கைப்பிடியையும் கழற்றச் சொன்னார். அது கெட்டுப்போகும்போது கசியும் ஆவியே எஃகைத் துருப்பிடிக்க வைக்குமாம். பாவம், இத்தனை நாளும் தைப்பிங் மழையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் செய்தது

கோலாலம்பூர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினேன். மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் தேய்த்துத் துருவை எடுத்தேன். கரும்புள்ளிகள் சில போகவில்லை. வாயில் இல்லாதவரை அவற்றால் கெடுதல் இல்லை. பலரின் முகம் தொட்ட கத்தி என்பதால் சோப்பில் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்தேன். தச்சு வேலை தெரிந்த நண்பர் மரக் கைப்பிடி செய்து, பித்தளை ஆணி அடித்துக் கொடுத்தார்.

பிறகு தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்கள். 1000, 4000, 8000 என்று எண் ஏற ஏறக் கல் மென்மையாகும். கல்லில் வாய் முன்னே போகவேண்டும். கடைசியில் தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னே போகவேண்டும். இதை மறந்து வாரில் மூன்று வெட்டுப் போட்டேன். முகத்திலும் இரண்டு. ஒழுங்காக ஒரு கன்னம் மழிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தாத்தா இதை இன்னொருவர் தொண்டையில், அவர் கதை பேசிக்கொண்டிருக்கும்போதே செய்திருக்கிறார்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கத்தி இருந்தால் அவசரப்பட்டு வீசிவிடாதீர்கள். வாயில் விரிசல் இருந்தால் அலங்காரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் குளியலறையில் வைக்கவே கூடாது. மழித்ததும் துடைத்து, உலரவிட்டு, ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும்.

சென்ற தீபாவளிக்கு அப்பா வந்திருந்தார். காலையில் நான் தோல்வாரைக் கதவுப் பிடியில் மாட்டித் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார்.

“வாரு தொங்குது பாரு. இறுக்கிப் பிடி. முனை மழுங்கிடும்” என்றார்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கத்தியை வாங்கி, மரக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு வாரை இழுத்துப் பிடித்துத் தீட்டினார். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கத்தி முதுகின்மேல் புரண்டது. ஒருமுறைகூட வாய் தோலைக் கடிக்கவில்லை.

“பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில எனக்கு இதுதான் வேல” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு” என்றார்.