திறக்கப்பட்ட கோவைகள்

பெண்களுக்குச் சம இடம் அளித்துள்ளோம் என்று எந்த நிறுவனமாவது கூறினால் ஆதாரம் கேட்பது பத்திரிகையாளனான எனது வழக்கம். பெரும்பாலும் கிடைப்பது தலைக்கணக்குத்தான். அது போதாது என்பதற்குச் சுவீடனின் அனுபவத்தையே நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

1995இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை, கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுக்கென 20 புலமைப்பரிசில்களை வழங்கியது. விண்ணப்பித்தோர் 62 ஆண்கள், 52 பெண்கள். தெரிவானோர் 16 ஆண்கள், 4 பெண்கள். பெண்களின் தகுதி குறைவு என்று சொல்லிவிட்டால் விடயம் அத்துடன் முடிந்துவிடும்.

கிறிஸ்டின் வெனெராஸ், அக்னெஸ் வோல்ட் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் அதனை அவ்வாறு முடிய விடவில்லை. மதிப்பீட்டுக் கோவைகளைக் கேட்டனர். பேரவை மறுத்தது. நீதிமன்றம் சென்று பெற்றனர். விண்ணப்பதாரிகளின் ஆய்வு வெளியீடுகளையும் அவர்களுக்கு இடப்பட்ட புள்ளிகளையும் ஒப்பிட்டனர். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதிப் புள்ளியைப் பெற ஒரு பெண் ஏறத்தாழ 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது! 1997இல் 'நேச்சர்' சஞ்சிகை இவ்வாய்வை வெளியிட்டது.

தலைகளை எண்ணினால் இடைவெளி தெரியும். அதன் காரணம் கோவைகளுக்குள்ளேதான் கிடக்கின்றது.

இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களும் அதற்கு உட்பட்டவையே. பல்கலைக்கழகத் தெரிவுக் குழுக்கள் இட்ட புள்ளிகளை இங்கே எவர் கேட்கப் போகின்றார்?