உள்ளே தங்கும் தண்ணீர்

கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். எங்கள் வீடுகளில் அன்றைக்கு வான்கோழியா ஆட்டிறைச்சியா என்பதோடு கதை முடிந்துவிடும். ட்ரென்ட் செவேர்ன் நீர்வழியில் கோடை முழுவதும் படகோடு திரிந்தவர்களுக்கு அதுதான் கடைசித் தவணை. லொக் எனப்படும் மதகுப் பூட்டுகளை அந்த வார இறுதியோடு மூடினால் அடுத்த மே மாதம்தான் திறப்பார்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையின் ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் விரிகுடாவரை 386 கிலோமீற்றர். 1833இல் முதல் பூட்டைக் கட்டத் தொடங்கியவர்கள் முழு வழியையும் திறந்துவிட 1920 ஆகிவிட்டது. நடுவழியில் அகப்பட்டால் கண்ணில் பட்ட துறையில் படகை விட்டுவிட்டுக் காரில்தான் வீடு திரும்பவேண்டும்.

மதகுகள் மூடிய அடுத்த கிழமை நான் ட்ரென்டன் பக்கமுள்ள ஒரு படகு யாட்டுக்குப் போனேன். ஸ்காபுறோவிலிருந்து 401 நெடுஞ்சாலை வழியே ஒன்றரை மணித்தியாலம். அங்கே வேலை செய்யும் ஒரு மயிலிட்டி அண்ணைதான் கூப்பிட்டிருந்தார். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை தகப்பனோடு கடலுக்குப் போனவர். இங்கே வந்து தொழிற்சாலை, உணவகம் எல்லாம் சுற்றி, கடைசியில் மறுபடி படகடியிலேயே வந்து நிற்கிறார்.

காலை ஏழரை மணிக்கு 3 பாகை. ட்ராவல்லிப்ட் என்கிற தூக்கி உறுமிக்கொண்டிருந்தது. நான்கு பெரிய சில்லுகளில் ஒரு வாசல் நிலை தானாக நடந்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ட்ராவல்லிப்ட். நிலையின் நடுவே இரண்டு அகலப் பட்டிகள் தொங்கும். படகு பட்டிகளுக்கு மேலே மிதந்து வந்து நிற்கும், பட்டி இறுகும், தண்ணீர் சொட்டச் சொட்ட முழுப் படகும் அந்தரத்தில் எழும்பும். ஆறு மாதம் யாரும் பார்க்காத அடிப்பாகம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். பச்சைப் பாசி, ஆங்காங்கே விரல்நக அளவு வரிக்குதிரைச் சிப்பி. 1980களின் கடைசியில் கப்பல்களின் நிறைநீரோடு இந்த ஏரிகளுக்குள் வந்து சேர்ந்த சனியன் அது. ஈரம் காயுமுன் அழுத்தநீரால் அடித்துவிடவேண்டும். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

பிறகு நிறுத்துவது. படகின் பாரம் அடிநடுவிலுள்ள கீலில், மரக்குற்றிகளின்மேல் இறங்கவேண்டும். "ஊரிலை ஏரா எண்டு சொல்லுறது, அதுதான் இது" என்றார் அண்ணை. பக்கங்களில் வைக்கும் இரும்பு முட்டுகள் பாரம் சுமக்க அல்ல, படகு சரியாமல் பிடிக்க. எதிரெதிர் முட்டுகளை அடியால் சங்கிலி போட்டுப் பிணைத்தார். மழைத்தறப்பாளின் கயிற்றை முட்டில் கட்டுபவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். தை மாதக் காற்று தறப்பாளை உதறும்போது முட்டு கழன்று வந்துவிடும். படகு பக்கத்துப் படகின்மேல் போய்ப் படுக்கும்.

நான் பார்க்க விரும்பியது எஞ்சின் வேலையை. வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் படகு. வீ-எய்ற் பெற்றோல் எஞ்சின். ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன் உடம்புக்குள் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்துத் துப்பும் பழைய வகை. ஓடி முடிந்த பிறகும் அதன் வார்ப்பிரும்பு வயிற்றுக்குள் ஏரி கொஞ்சம் தங்கிவிடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்புக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. வெடித்துவிடும்.

எஞ்சினின் இரு பக்கமும் அடியில் ஒவ்வொரு பித்தளை ஆணி. அண்ணை குப்புறப் படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே ஒன்றைக் கழற்றினார். நூல்போலத் தண்ணீர் வந்தது, மெலிந்தது, நின்றது. நான் நிமிர்ந்தேன்.

"முடிஞ்சுது எண்டு நினைச்சீர், என்ன தம்பி?"

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்தார். உடுப்புக் கொழுவும் கம்பியை வெட்டியது. அதை ஓட்டைக்குள் விட்டு இரண்டு தரம் கிண்டினார். துருக்கட்டி ஒன்று விலக, தேத்தண்ணிச் சாயத்தில் தண்ணீர் பாய்ந்து வந்தது. கால் வாளி. "இந்தக் கம்பிதான் இஞ்சை பெரிய ஆயுதம்" என்றார்.

அதன் பிறகுதான் ஆணியை இறுக்கி, மேலேயுள்ள குழாய்களைக் கழற்றி, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு மருந்தை ஊற்றினார். வாளியில் மருந்தை வைத்து எஞ்சினையே உறிஞ்ச விடுவது சுலபம்; படகுச் சொந்தக்காரர் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறி உள்ளே தெர்மோஸ்ரற் திறக்காவிட்டால், மருந்து உடம்புக்குள் போகாமல் பக்கவழியால் வெளியேறிவிடும். புகைக்குழாயால் இளஞ்சிவப்பு கொட்டுவதைக் கண்டு நிம்மதியாக வீடு போனவர் வசந்தத்தில் வந்து வெடித்த எஞ்சினைப் பார்ப்பார்.

"வாடைக்கு நாங்களும் வள்ளத்தைக் கரையிலை ஏத்தி வைக்கிறனாங்கள்தானே. ஆனா மருந்து பருக்கினதில்லை."

குடிநீர்க் குழாய்களுக்கும் இதே மருந்துதான். ஒவ்வொரு குழாயாகத் திறந்து றோஸ் சர்பத் நிறத்தில் வரும்வரை விடவேண்டும், கழிப்பறையிலும் அப்படியே. இது புரோப்பிலீன் கிளைக்கோல். கார்களுக்கு வழக்கமாக ஊற்றுவது எதிலீன் கிளைக்கோல். அது நஞ்சு, இனிக்கும் என்பதால் நாய் பூனை நக்கிச் சாகும். இரண்டையும் மாற்றி ஊற்றுவதைப் போன்ற பிழை வேறில்லை. மின்கலத்துக்கு வேறு கணக்கு. முழுச் சார்ஜோடு இருந்தால் -50 பாகைக்கும் தாங்கும், இறங்கிப்போனால் -10 அளவிலேயே உறைந்துவிடும். ஆகவே சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.

இவ்வளவும் நடக்க, அந்தப் பெண்மணி உள்ளே மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, அலுமாரிக் கதவுகளைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். காற்றோட்டமில்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூலைக்கு மூலை துணி உலர்த்தியில் போடும் வாசனைத்தாள். எலிக்கு ஆகாதாம். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். போன வருடம் எலி அந்தத் தாளைக் கிழித்தே கூடு கட்டியிருந்ததாம்.

அந்தத் தம்பதி ஐந்து மாதம் படகிலேயே இருந்துவிட்டார்கள். பீற்றர்பரோவில் 1904 முதல் படகுகளைத் தொட்டியோடு 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்கிவிடும் ஏற்றியையும், பிக் ஷூட்டில் படகைத் தண்டவாளத்தில் ஏற்றி மேட்டைத் தாண்டவைக்கும் வண்டியையும் கணவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். வீட்டை விற்றுத்தான் படகு வாங்கியிருக்கிறார்கள். குளிருக்கு மகள் வீட்டுப் பேஸ்மென்ற். எனக்குச் சிரிப்பு வந்தது. பேஸ்மென்றில் தொடங்கி வீடு வாங்கிய சாதி நாங்கள்; இவர்கள் வீட்டில் தொடங்கிப் பேஸ்மென்றுக்கு வந்திருக்கிறார்கள், முகத்தில் ஒரு கவலையும் இல்லாமல்.

கடைசியில் வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்வை. மரச்சட்டம் கட்டி, அதன்மேல் விரித்து, வாயு நெருப்பால் சூடு காட்டினால் மேளத்தோல்போல இழுத்துப் பிடிக்கும். பனி தங்காமல் வழுக்கும். பார்க்க அழகுதான். ஆனால் மே மாதத்தில் கத்தியால் கிழித்து எடுத்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரு யாட்டில் நூறு படகென்றால் எவ்வளவு பிளாஸ்ரிக் என்று கணக்குப் பாருங்கள். பல வருடம் தாங்கும் கன்வஸ் தறப்பாளே மேல் என்பது என் எண்ணம். அண்ணைக்கு இதில் கருத்தில்லை. நெருப்புக் குழாய் பிடித்துப் பிடித்து அவர் வலதுகைப் புறங்கையில் மயிரே இல்லை. மார்கழி பாதியில் வேலை நின்றுவிடும். பங்குனிவரை வேலையிழப்புக் காப்புறுதிப் பணம்தான்.

போர்வைக்குள் நுழையும் சிறு கதவை மூடுமுன் அவர் ஒரு வேலை செய்தார். உருகும் பனி உள்ளே தேங்காமல் வழிந்தோட, படகின் பின்னடியிலுள்ள பெரிய அடைப்பானைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். அந்த அடைப்பானை ஒரு நூலால் எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிச் சுக்கானில் தொங்கவிட்டார். மே மாதத்தில் சாவியைத் தொடுபவர் கையில் அடைப்பானும் வந்தாகவேண்டும். முன்னொரு தரம் அப்படிக் கட்டாத ஒரு படகைத் தண்ணீரில் இறக்கியபோது, பட்டிக்குள் இருக்கும்போதே அது தாழத் தொடங்கியதாம்.

நான் புறப்படும்போது துறையில் இன்னும் இருபத்தேழு படகுகள் தண்ணீரில் நின்றன. மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாகவேண்டும். ஏற்றுவதற்கு ஆட்கள் மூன்று பேர்.