திரைக்கு இருபுறமும்

‘முந்நூற்று நாலு’ ஆடி வளர்ந்த எமக்கு, தோல்விப் பழியைக் கையில் வந்த கடதாசிகளின் மேற் போடுவது எளிது. பிரிட்ஜ் ஆட்டத்தின் சர்வதேசக் குழுப் போட்டிகளில் அதற்கு இடமில்லை. ஓர் அறையில் ஆடப்பட்ட அதே பங்கீடு மற்றோர் அறையிலும் ஆடப்படும். அங்கே அணிகள் இடம்மாறி அமர்ந்திருக்கும். எதிரணி பெற்ற அதே கடதாசிகளைக் கொண்டு அவர்களிலும் நன்றாக ஆடினோமா என்பதே கணக்கு.

அதிர்ஷ்டத்தை இவ்வாறு விலக்கியவர்களால் ஐயத்தை விலக்க இயலவில்லை. 1950 இல் தொடங்கிய பேர்முடாக் கிண்ணப் போட்டியில், 1965 இல் பிரித்தானியச் சோடியொன்று விரற்சைகை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. உலகச் சம்மேளனம் குற்றமென்றது. 1966 இல் பிரித்தானிய விசாரணையோ ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றது. 1975 இல், துணைவர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு மேசைக்குக் குறுக்கே திரை நிறுத்தினர். அப்போட்டியிலேயே இத்தாலியச் சோடியொன்று காலாற் சைகை செய்வதாகப் புகார் எழுந்தது. மேசையின் கீழேயும் தடுப்பு வைத்தனர்.

நேர்மையாய் ஆடுவோருக்கு இத்திரை அவமதிப்பென்பர் சிலர். நான் அவ்வாறு கருதேன். தன் முகக்குறிப்புத் துணைவனுக்குச் செய்தியாகிவிடுமோ என்ற அச்சமின்றி, நேர்மையாளன் அதன் பின்னேதான் நிம்மதியாகச் சிந்திக்கலாம்.