வெண்பனியில் மறைந்த நீல ஏரி

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் உள்ள ஓரிகன் மாநிலத்திலே, 'கிறேற்றர் லேக்' என்றோர் ஏரி உண்டு. எரிமலை வாய் ஏரி என்று அதனை நாம் தமிழிற் கூறலாம். கோடையிலே அதைக் காணச் செல்வோர் தொகை மிகப் பெரிது. நாமோ மாசி மாதத்திலே, மலை முழுவதும் வெண்பனி மூடிக்கிடக்கும் வேளையிலே சென்றோம். வேறு காலம் எமக்கு வாய்க்கவில்லை என்பதே உண்மை.

மெட்போர்ட் நகரில் வதியும் நண்பர் ஒருவர் தமது காரில் எம்மை அழைத்துச் சென்றார். அவருடைய பன்னிரண்டு வயது மகளும் உடன் வந்தாள். இச்சிறுமி முன்னரும் இரு முறை மாரிகாலத்தில் அங்கு சென்றவள். இரு முறையும் முகில் மூடியமையால் ஏரியைக் காணாது திரும்பியவள். "அங்கே ஏரி இருக்கிறது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள், மாமா. நான் படத்திலேதான் கண்டிருக்கிறேன்" என்று அவள் கூறியபோது, தந்தையார் குற்றவாளியைப் போல வீதியையே நோக்கிக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய எண்பது மைல் வழி. முதலில் மழை; பின்னர் மழையும் பனியும் கலந்து பெய்தன; அப்பால் எங்கும் வெண்மையே. வீதியின் இருமருங்கிலும் நெடுங்கம்புகள் நாட்டப்பட்டிருந்தன. பனி வாரும் இயந்திரங்களை ஓட்டுவோருக்கு வீதியின் விளிம்பைக் காட்டுவன அவையே. பூங்காவினுள் மாரியிலே பெற்றோல் கிடையாது. தங்குவதற்கு அறையும் கிடையாது. 1915 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புகழ்பெற்ற விடுதி பனிக்காலம் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். வடக்கு வாயிலும், ஏரியைச் சுற்றி வரும் 33 மைல் வீதியும் அவ்வாறே மூடப்படும். தெற்கிலிருந்து ஏரி விளிம்புக்கு ஏறும் ஒரே வீதியை மாத்திரம், வானிலை இடங்கொடுக்கும் நாட்களில் திறந்து வைக்கிறார்கள்.

விளிம்பை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து 7,100 அடி உயரம். கட்டடங்களின் வாயில்களுக்குப் பனியைக் குடைந்தே வழி செய்திருந்தனர். நாம் மூவரும் ஆவலோடு பார்வைத்தலத்துக்கு நடந்தோம். மேலே வெண்மை, கீழே வெண்மை, எதிரே வெண்மை. ஆயிரம் அடி வரை கீழே ஓர் ஏரி கிடக்கின்றது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. சிறுமி ஒன்றும் பேசவில்லை. அதுவே எமக்கு வருத்தமாயிருந்தது.

கோப்பி அருந்தி உடலைச் சூடாக்கிக்கொண்டு, பூங்கா அலுவலர் நடத்தும் பனிநடையிலே சேர்ந்தோம். மாரிகாலத்து வார இறுதிகளில் இந்நடையைக் கட்டணமின்றி நடத்துகிறார்கள். பனிச் சப்பாத்தையும் இரவலாகத் தருகிறார்கள். அகன்ற தட்டுப் போன்ற அதனைக் காலிற் பூட்டிக்கொண்டால் மென்பனியிலே புதையாது நடக்கலாம் என்பார்கள். நாம் புதையவில்லை, ஆயினும் எமது ஒரு காலை மறு காலால் மிதித்து இரு முறை வீழ்ந்தோம். விளிம்பருகே செல்ல வேண்டாம் என்று அலுவலர் கண்டிப்பாக எச்சரித்தார். காற்று வாரிக் குவித்த பனி, பாறையைத் தாண்டி அந்தரத்திலே கூரைபோல நீண்டு நிற்குமாம். மேலே நிற்பவருக்குக் காலின் கீழே நிலமா வெறுமையா என்பது தெரியாது.

அலுவலர் ஓர் இளம் பெண்மணி. ஹெம்லொக் மரங்களின் கீழே எம்மை நிறுத்தி, கதையைத் தொடங்கினார். இங்கே ஒரு காலத்தில் ஏறக்குறைய 12,000 அடி உயரமான மசாமா என்னும் எரிமலை நின்றது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது பெருஞ் சீற்றத்துடன் வெடித்தது. உள்ளிருந்த குழம்பெல்லாம் வெளியேறவே, தாங்குவதற்கு ஒன்றுமின்றி மலையின் உச்சி தன்னுள்ளேயே இடிந்து வீழ்ந்தது. கிளமத் மக்கள் இதனைக் கீழுலகத் தலைவன் லாவோவுக்கும் வானுலகத் தலைவன் ஸ்கெல்லுக்கும் நடந்த போராகத் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். வெறுங் கதையென ஒதுக்கியவரும் இருந்திருப்பர். 1938 ஆம் ஆண்டில், லூதர் கிறெஸ்மன் என்னும் ஆய்வாளர் ஓரிகனின் போர்ட் றொக் குகையிலே மரப்பட்டை நாரினாற் பின்னிய மிதியடிகள் பலவற்றைக் கண்டெடுத்தார். அவை கிடந்தது மசாமாவின் சாம்பலுக்கு அடியில்! மலை வெடிப்பதற்கு முன்னரே அந்நாட்டில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அதனிலும் மேலான சான்று வேண்டுமோ?

"அப்பள்ளத்தை நிரப்பியது எந்த ஆறு?" என்று நண்பர் வினவினார்.

"ஆறு எதுவும் இல்லை" என்றார் அலுவலர். உள்ளே வரும் ஆறும் இல்லை, வெளியே போகும் ஆறும் இல்லை. வானத்திலிருந்து விழும் பனியும் மழையுமே 700 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து அதனை நிரப்பின எனக் கணித்திருக்கிறார்கள். இன்றும் ஆவியாகியும் கசிந்தும் போகும் நீரை ஈடுசெய்வது அவ்விரண்டுமே. ஆற்று மண் கலவாமையினாலேயே நீர் அத்துணைத் தெளிவு. தெளிவும் ஆழமும் கூடியமையினாலேயே அத்துணை நீலம். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேற் பனி பொழியும் இடம் இது. எனினும் 1930களோடு ஒப்பிடுகையில் பொழிவு குறைந்துவிட்டது என்று அவர் சொன்னபோது குரல் சற்றே தாழ்ந்தது.

காலை முதல் நாம் வைதுகொண்டிருந்த பனியே ஏரி என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

சிறுமி முதன்முறையாக வாய் திறந்தாள். "நாங்கள் மிதிக்கும் இந்தப் பனியும் ஏரிக்குள் போகுமா?"

"இல்லை. விளிம்பின் உட்புறத்தில் விழுவதே ஏரிக்கு. இப்புறத்தில் விழுவது உருகி றோக் ஆற்றுக்கோ கிளமத் ஆற்றுக்கோ போய்விடும்."

இரண்டடி இப்பாலும் அப்பாலும் விழும் பனித்துகளுக்கு எத்துணை வேறான கதி!

இப்பூங்காவின் வரலாற்றிலே மாணவர்கள் விரும்பக்கூடிய செய்தி ஒன்றுண்டு. 1870 ஆம் ஆண்டில், கன்சாஸ் மாநிலத்துப் பாடசாலைச் சிறுவன் ஒருவன், தன் மதிய உணவைச் சுற்றியிருந்த பத்திரிகைத்தாளிலே இவ்வேரியைப் பற்றி வாசித்தானாம். வில்லியம் ஸ்ரீல் என்னும் அச்சிறுவன் வளர்ந்து, 1885 ஆம் ஆண்டில் ஏரியை நேரிற் கண்டான். மறு ஆண்டு நடந்த ஆய்விலே, பியானோக் கம்பியில் ஈயக்குண்டு கட்டி இறக்கி 1,996 அடி என அளந்தனர். இன்றைய கருவிகள் காட்டும் ஆழம் 1,940 அடிக்குச் சற்று மேல். கம்பியை வைத்து அளந்தவர்களைப் பாராட்டவே வேண்டும். அவரது இடையறாத முயற்சியால் 1902 ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாயிற்று. பதினைந்து ஆண்டு காத்துக் கண்டவர் அவர். எம் சிறுமியோ மூன்றாம் முறை வந்தவள்.

நடை முடிந்து திரும்புகையிலே காற்றுத் திசை மாறியது. முதலில் எதிர்ப்புறத்துப் பாறைச் சுவரின் ஒரு துண்டு தெரிந்தது. பின்னர், திரை விலகுவது போல அன்று, துணி கிழிவது போல முகில் பிளந்தது. கீழே நீலம்! வானமே வெளிறிக் கிடந்த அவ்வேளையில் அந்நிறம் எங்கிருந்து வந்ததோ. விசாட் தீவு வெண்குல்லாய் அணிந்து நின்றது. சூழ அனைத்தும் உறைந்திருக்க, நீர் மாத்திரம் உறையவில்லை. கோடையின் வெப்பத்தை அவ்வாழம் தன்னுள்ளே வைத்திருப்பதனால், இவ்வேரி முழுவதும் உறைவது மிக அரிது. கடைசியாக அவ்வாறு உறைந்தது 1949 ஆம் ஆண்டிலாம்.

சிறுமி கூச்சலிடவில்லை. கையுறையைக் கழற்றித் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டாள். நண்பர் படம் எடுப்பதற்குக் கருவியைத் தேடினார். பின் தேடுவதை விட்டுவிட்டார். பத்து நிமிடம் இருக்கலாம். மறுபடி முகில் மூடிற்று. அப்போதே வந்த வேறொரு குடும்பத்தார், "ஏரி எந்தப் பக்கம்?" என்று எம்மிடம் கேட்டார்கள். சிறுமியே கையை நீட்டிக் காட்டினாள்.

பொழுது சாயுமுன் இறங்கிவிட்டோம். அன்றிரவு மேலே மீண்டும் பனி கொட்டியிருக்கிறது. ஏரி விளிம்புக்கு ஏறும் வீதி மூடப்பட்டுள்ளதென மறுநாட் காலை அறிவித்திருந்தார்கள்.