நடத்தை: நன்று

பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி முடிவடையும் பருவத்தில் கல்வியியல் கல்லூரி விடுதிகளில் வழக்கமான ஒரு காட்சி உண்டு. மேசைமீது சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் பழைய ரெக்கார்டு திறந்து கிடக்கும். பக்கத்திலேயே புதிய ரெக்கார்டு. பெயரும் வகுப்பும் தேதியும் மாறும். மற்றவை அப்படியே இடம்பெயரும். பாடக்குறிப்பேட்டுக்கும் தனியாள் ஆய்வுக்கும் நடக்கும் இந்த நகலெடுப்பு நிகழ்ச்சிக் குறிப்பேட்டுக்கும் தப்பாமல் நடக்கும். 'மாணவன் வகுப்பில் கவனமின்றி இருந்தான். ஆசிரியர் அறிவுரை கூறினார். மாணவன் தவற்றை உணர்ந்து திருந்தினான்.' ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் தவறு செய்து, அறிவுரை கேட்டு, திருந்தியும் விடுகிறார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் குறைவதில்லை. குறைவது ஒன்றே ஒன்று: அந்தப் பக்கங்களில் எங்கும் ஒரு குழந்தை இல்லை.

பெங்களூரின் தென்பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைத் தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சிக்குச் சென்ற மாணவியின் குறிப்பேடும் இப்படித்தான் தொடங்கியது. கன்னடம் தாய்மொழி, அறிவியல் பாடம், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். ஆறாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு சிறுமியைத் தம் குறிப்புக்குத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, வகுப்பாசிரியை கைகாட்டினார் என்பதே சரி. அந்த ஆண்டுதான் சேர்ந்தவள். பெற்றோர் கட்டட வேலைக்காகக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள், இங்கே கன்னடவழியில் அமர்த்தப்பட்டிருந்தாள். வகுப்பேட்டில் அவளைப் பற்றி ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: 'கவனம் இல்லை. உச்சரிப்புத் தெளிவில்லை. மந்தம்.' வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலிலும் அவள் பெயர் சேர்க்கப்பட்டுவிட்டது.

வகுப்பாசிரியை கொடுமைக்காரர் அல்லர். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மதிய உணவுக் கணக்கு, கணக்கெடுப்புப் பணி என்று நாள் கழிந்த ஒருவர், மாலையில் ஒரு வரியாவது எழுதினார் என்பதே பெரிது. பயிற்சி மாணவியும் அந்த வரியையே சற்று நீட்டித் தம் முதற்குறிப்பாக எழுதினார்: 'மாணவி கேள்விக்குப் பொருத்தமற்ற விடை அளித்தாள். எளிய கேள்வியையும் புரிந்துகொள்ளும் திறன் இல்லை.'

மேற்பார்வைக்கு வந்த கல்லூரிப் பேராசிரியர் அதன்மேல் சிவப்பு மையால் மூன்று கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுத்தார். என்ன கேள்வி கேட்கப்பட்டது? அவள் சொன்ன விடை எந்தச் சொற்களில் இருந்தது? திறன் இல்லை என்பதை எங்கே கண்டீர்கள்?

நிகழ்ச்சிக் குறிப்பின் இலக்கணம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். ஒரு குறிப்பில் ஒரு நிகழ்ச்சி. தேதி, நேரம், இடம், உடனிருந்தவர். நடந்தது நடந்தபடி, சொல்லப்பட்டது சொல்லப்பட்டபடி. பார்த்தவரின் கருத்து இருந்தால் அது கோடு கிழித்துத் தனியாக, கீழே. நினைவு தன் விருப்பப்படி திருத்தி எழுதுவதற்கு முன், அன்றே எழுதப்பட வேண்டும். குறும்பு மட்டுமன்றி உதவியும் வியப்பும் மௌனமும் பதிவாக வேண்டும். ஒற்றைக் குறிப்பிலிருந்து எந்த முடிவுக்கும் வரலாகாது. பாடநூலில் இவை ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய விடை. வகுப்பறையிலோ மிகக் கடினமான ஒழுக்கம். ஏனெனில் 'கவனமில்லை' என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள் அன்று. கண்ணுக்குத் தெரிந்தது, அவள் சன்னலைப் பார்த்தாள் என்பது மட்டுமே.

பயிற்சி மாணவி மீண்டும் எழுதத் தொடங்கினார். இம்முறை முதல் நிகழ்ச்சியே வேறொன்றாகத் தெரிந்தது. 'காலை வருகைப் பதிவு முடிந்த பின். வகுப்பாசிரியை, "நின்ன ஹள்ளி யாவுதம்மா?" என்று கேட்டார். சிறுமி உடனே எழுந்து நின்றாள். "கவர்மெண்ட் ஹள்ளி மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை, சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் "கவர்மெண்ட் ஹள்ளி" என்றாள், முன்னைவிட உரக்க.' கன்னடத்தில் ஹள்ளி என்றால் ஊர். உன் ஊர் எது என்ற கேள்விக்கு 'அரசாங்க ஊர்' என்று ஒரு விடை. கோட்டுக்குக் கீழே அவர் எழுதியது ஒரே வரி: 'தெரியாமல் உளறியவள் இரண்டாம் முறை உரக்கச் சொல்வாளா?'

அடுத்த மூன்று வாரங்களில் குறிப்புகள் பெருகின. மதிய உணவு நேரத்தில் அவள் பாலை 'ஹாலு' என்றாள், சரி. பூவை 'ஹூவு', பல்லை 'ஹல்லு', பத்தை 'ஹத்து' என்றாள். எல்லாம் சரியான கன்னடம். ஆனால் பக்கத்துப் பிள்ளையிடம் 'ஹென்சிலு' கேட்டாள். 'ஹுஸ்தக' கொண்டுவரவில்லை என்றாள். 'ஹரீக்ஷெ' எப்போது என்று விசாரித்தாள். கன்னடத்தில் அவை பென்சிலு, புஸ்தக, பரீக்ஷெ. பயிற்சி மாணவிக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாததைத் திருத்தி எழுதாமல், கேட்ட ஒலியைக் கேட்டபடியே கன்னட எழுத்தில் பதிந்து வைத்தார். அந்தக் குறிப்பேட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 'உச்சரிப்புத் தெளிவில்லை' என்று சுருக்கியிருந்தால், பின்னால் வந்த எவராலும் எதையும் மீட்டெடுத்திருக்க முடியாது.

பேராசிரியர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கம் 2001இல் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. அவருடையதும் அத்தகைய குடும்பமே. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவருக்குச் சொற்பட்டியலைப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகிறது என்பதைச் சிறுமி தானாகவே கண்டுபிடித்திருந்தாள். பால் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு, புலி ஹுலி. எவரும் அவளுக்கு இதைக் கற்பிக்கவில்லை. தெருவிலும் கடையிலும் காதில் விழுந்ததிலிருந்து விதியை வகுத்துக்கொண்டாள். வகுத்த விதியைப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் பரீட்சைக்கும் நேர்மையாகச் செலுத்தினாள். அந்த விதிப்படி ஹள்ளி என்றால் பள்ளி. உன் பள்ளி எது என்று கேட்கிறார்கள், கவர்மெண்ட் பள்ளி. கேள்விக்குச் சரியான விடையைத்தான் இரண்டு முறை சொன்னாள்.

அவள் கண்டது வெறும் தற்செயலும் அன்று. பழங்கன்னடத்தில் பாலும் பூவும் பல்லும் பகரத்தோடுதான் இருந்தன. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் சில நூற்றாண்டுகளில் சொல்முதற் பகரம் ஹகரமாக மாறியது. மாற்றம் நாட்டுச் சொற்களில் நிலைத்தது. வடமொழியிலிருந்து வந்த புஸ்தகமும் பரீக்ஷெயும், மிகப் பின்னால் ஆங்கிலத்திலிருந்து வந்த பென்சிலும் அதன் பிடிக்குள் வரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கும் பெங்களூரின் பொம்மனஹள்ளிக்கும் ஈற்றில் நிற்பது ஒரே பழஞ்சொல். திராவிட மொழியியலில் முதுகலை மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் ஒலியொப்புமை இது. ஒரு சுவரோரத்து இருக்கையில் பதினொரு வயதில் அதைக் கண்டெடுத்தவளுக்கு வகுப்பேடு தந்த பெயர் 'மந்தம்'.

கற்பவரின் பிழை, அவர் மனத்தில் இயங்கும் ஒழுங்குக்குச் சான்று என்பதைப் பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். மொழி கற்பித்தல் துறையில் இன்று அது அரிச்சுவடி. ஆனால் அந்த வாதம் வகுப்பறைக்குள் நுழைய ஒரு முன்நிபந்தனை உண்டு: பிழை பிழையாகவே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். குழந்தை மொழி ஆய்வும் இத்தகைய குறிப்புகளிலிருந்துதான் தொடங்கியது. சார்லஸ் டார்வின் தம் தலைமகனைப் பற்றி எழுதி வைத்த நாட்குறிப்பை 37 ஆண்டுகள் கழித்து, 1877இல் கட்டுரையாக்கினார். சரியாக ஒரு வயதில் உணவுக்கு 'மம்' என்ற சொல்லை அந்தக் குழந்தை ஆக்கிக்கொண்டதை அதில் காணலாம். 'இன்னும் பேச்சு வரவில்லை' என்று அவர் எழுதியிருந்தால், 37 ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்க்க அங்கே எதுவும் இருந்திருக்காது.

பேராசிரியர் குறிப்பேட்டை வகுப்பாசிரியையிடம் கொண்டுபோனார். குற்றம் சாட்டும் தொனியில் அன்று. சொற்பட்டியலை இரண்டு பத்திகளாகப் பிரித்து முன்னால் வைத்தார், அவ்வளவே. வகுப்பாசிரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் பாட்டி வீட்டில் 'ஹேப்பர்' என்று சொல்லித் தாம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். பரிசோதனைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. ஹகரமாக மாறாத சொற்களைத் தனியே எழுதும் ஒரு சிறு பட்டியல் சுவரில் ஏறியது. அதற்குச் சொல் கொண்டுவரும் பொறுப்பு சிறுமிக்கு. பயிற்சியின் கடைசி வாரக் குறிப்பில் அவள் 'புஸ்தக' என்கிறாள். அதற்கு மறுநாள் குறிப்பில், புதிதாகச் சேர்ந்த இன்னொரு தமிழ்ச் சிறுவனிடம் எந்தச் சொல்லுக்கு ஹ, எந்தச் சொல்லுக்கு ப என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால் குறிப்பேட்டுக்குப் பின்கதை ஒன்று உண்டு. மதிப்பெண் இடப்பட்ட பின் அது கல்லூரியின் பதிவறையில் மற்றவற்றோடு கட்டி வைக்கப்பட்டது. ஆண்டிறுதியில் கட்டட வேலை முடிந்தது. குடும்பம் வேறு நகரத்துக்குப் புறப்பட்டது. தாய் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். அதில் பிறந்த தேதி, அங்க அடையாளம், கடைசியாகப் பயின்ற வகுப்பு ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. நடத்தை என்ற கட்டத்தில் ஒரே சொல்: நன்று. அவள் ஒரு மொழியின் ஒலிவிதியைத் தனியே கண்டவள் என்பதை அடுத்த பள்ளிக்குச் சொல்ல அந்தத் தாளில் இடம் இல்லை. அங்கே அவள் மறுபடியும் சுவரோரம் அமர்வாள்; ஒரு வரி மறுபடியும் எழுதப்படும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்றும், குழந்தையின் புரிதலைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. அதையொட்டிப் படிவங்கள் பெருகின. கட்டங்களில் குறியிடும் வேலையும் பெருகியது. சி.பி.எஸ்.இ. 2009இல் தொடங்கிய தொடர் மதிப்பீட்டு முறை 2017இல் கைவிடப்பட்டது. கட்டத்தில் குறியிடுவது எளிது, ஒரு குழந்தை சொன்ன சொல்லை அவள் சொன்னபடி எழுதுவது கடினம் என்பதை எந்தப் படிவத்தாலும் மாற்ற முடியவில்லை.

குறிப்பேடு குழந்தையோடு பயணம் செய்திருக்க வேண்டும் என்று உடனே தோன்றும். ஆனால் 'மந்தம்' என்ற சொல்லும் அதே வண்டியில்தான் பயணம் செய்யும். எழுதப்பட்ட தீர்ப்புக்கு ஆயுள் அதிகம். அதைப் படிப்பவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். எனவே எந்தக் குறிப்பு பயணம் செய்யத் தக்கது என்பதற்கு எளிய சோதனை ஒன்று போதும்: அந்தப் பக்கத்தைக் குழந்தையின் முன்னிலையில், அவள் தாயும் கேட்க, உரக்கப் படிக்க முடியுமா? 'மந்தம்' என்பதை முடியாது. 'சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள், முன்னைவிட உரக்க' என்பதை முடியும்.

இந்த வாரம் ஏதோ ஒரு விடுதியில் பழைய ரெக்கார்டைத் திறந்து வைத்திருப்பவர் அதை மூடிவிட்டு, தம் வகுப்பில் நாளை ஒரு பிள்ளை சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை, புரியாவிட்டாலும், கேட்டபடி எழுதிவரலாம். புரிந்துகொள்ள வேறொருவர் வருவார். எழுதப்பட்டிருந்தால்.