ஐம்பது டிகிரியும் அயர்னிங் டேபிளும்

எழுதி ரொம்ப நாளாச்சு. சீசன்ல பனியன் கம்பெனிக்காரன் வீட்டுக்குப் போறதே பெரிய விஷயம், இதுல எங்கிருந்து எழுதறது? சரி, மேட்டருக்கு வர்றேன்.

போன கோடையில எங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ். நாளையில இருந்து திருப்பூர், ஈரோடு, கரூர்ல 50 முதல் 55 டிகிரி அடிக்கப் போகுதாம். பகல் 11 மணிக்கு மேல யாரும் வெளிய தலை காட்டக் கூடாதாம். கடைசில வழக்கம்போல "அதிகம் பகிரவும்". யார் சொன்னது, எந்தத் தேதின்னு ஒரு எழவும் இல்ல.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! வானிலை ஆய்வு மையம் தினமும் போடற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல்ல 'திருப்பத்தூர்'னு இருந்ததை 'திருப்பூர்'னு படிச்சு ஒரு நிமிஷம் ஏமாந்தது தனிக்கதை (ஹி..ஹி..). நமக்குப் பக்கத்துல ஈரோடு 40-ஐ ஒட்டி, கோயமுத்தூர் அதுக்கும் கீழ. சென்னையில இதுவரைக்கும் பதிவானதிலேயே அதிகம் 2003 மே 31-ல அடிச்ச 45. இந்தியாவோட ரெக்கார்டே ராஜஸ்தான் பலோடியில 2016 மே 19-ல பதிவான 51 தான். அதைத் தாண்டி திருப்பூர்ல 55-ன்னா, சொல்றவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

கருவியே தப்பாக் காட்டற கதையும் உண்டு. 2024 மே 29-ல டெல்லி முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு தானியங்கிக் கருவி காட்டிடுச்சு. நாடு முழுக்க அதான் தலைப்புச் செய்தி. அன்னிக்கு டெல்லி சுத்துவட்டாரத்துல மத்த இடங்கள்ல 45.2-ல இருந்து 49.1 வரைக்கும்தான். வானிலைத் துறைக்காரங்களே போய் சோதிச்சுட்டு, சென்சார் 3 டிகிரி கூடக் காட்டுதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

இதையெல்லாம் அழகாத் தொகுத்து, "50 டிகிரி செய்தி பொய். யாரும் நம்ப வேண்டாம்"னு குரூப்புல போட்டேன். ஏகப்பட்ட கட்டைவிரல் வந்து விழுந்துச்சு. மனசுக்குள்ள பெரிய விஞ்ஞானின்னு நினைப்பு.

மறுநாள் மதியம் அயர்னிங் செக்ஷன் பக்கம் போனேன். அங்க மூணு பேரு ஒரு வாரமா எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டுட்டு இருந்திருக்காங்க. சூப்பர்வைசர் என்னோட மெசேஜை சத்தமாப் படிச்சுக் காட்டிட்டு இருந்தாரு. "பாத்துக்கங்க, லேப் தம்பியே சொல்லிட்டாரு. வெயிலெல்லாம் சும்மா புரளியாம். போய் பீஸை முடிங்க."

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நான் எப்பங்க வெயில் புரளின்னு சொன்னேன்?

அயர்ன் டேபிள்ல நின்ன அக்கா என்னைப் பார்த்து, கோபமெல்லாம் இல்லாம, "ஏந்தம்பி, வெளிய நாப்பதுன்னா இங்க உள்ள எத்தனைங்க?"ன்னு கேட்டாங்க.

பதில் தெரியல. ஏன்னா வானிலை மையம் சொல்ற அளவு, காத்து போய் வர்ற மாதிரி பலகை வெச்ச வெள்ளைப் பெட்டிக்குள்ள, தரையில இருந்து கிட்டத்தட்ட நாலடி உயரத்துல, நிழல்ல எடுக்கறது. ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும், 1950-ஐயும் இப்பத்தையும் ஒப்பிடணும்னா அப்படித்தான் அளக்கணும். ஆனா அந்த அக்கா நிக்கறது வெள்ளைப் பெட்டிக்குள்ள இல்லையே. மேல தகர ஷீட்டு, முன்னாடி ஸ்டீம் அயர்ன், பக்கத்துல நாலு டேபிளோட ஆவி. அந்த ஈரக்காத்துல வேர்வை காயாது. வேர்வை காய்ஞ்சாத்தானே உடம்பு குளிரும்?

லேபுக்குப் போய் வெப்பமும் ஈரப்பதமும் காட்டற மீட்டரைத் தூக்கிட்டு வந்தேன். நம்ம லேப் எப்பவும் 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். துணி சுருங்குதா, நீளுதான்னு சோதிக்கறதுக்கு உலகம் பூரா அதான் கணக்கு. ரெண்டு டிகிரி கூடினாலே ஏசிக்காரனுக்குப் போன் போட்டுருவோம். அதே மீட்டரை மதியம் ரெண்டரைக்கு அயர்ன் டேபிள்கிட்ட வெச்சேன். 42 டிகிரி, 40 சதவீதம். அக்கா எட்டிப் பார்த்துட்டு மறுபடி டி-ஷர்ட்டை விரிச்சாங்க. பீஸ் ரேட்டுங்க. நின்னு வேடிக்கை பார்த்தா காசு போயிரும். தண்ணி குடிக்கக்கூட யோசிப்பாங்க.

இப்ப ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். 50 டிகிரி பொய்தான். ஆனா பூமி சூடாகறது பொய் இல்லீங்க. 1901-ல இருந்து 2018 வரைக்கும் இந்தியாவோட சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தோட 2020 அறிக்கை சொல்லுது. 2024-ல உலக சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்தைவிட 1.55 டிகிரி அதிகம்னு உலக வானிலை அமைப்பு கணக்குப் போட்டிருக்கு. கேட்க சின்ன எண்ணுதான். ஆனா சராசரி கொஞ்சம் ஏறினாலே கொடுமையான வெயில் நாட்கள் கூடிப்போகும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு தமிழக அரசு 2024-ல அறிவிச்சது சும்மா இல்ல. 55-ன்னு புளுகினவன் பண்ணின கெடுதல் என்னன்னா, அடுத்து யாராவது 42-ன்னு உண்மையைச் சொன்னா, "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு ஆயிடுது. அந்தப் புளுகைப் பாதி மட்டும் உடைச்சுட்டு வந்த நானும் அதே வேலையைத்தான் பண்ணியிருக்கேன்.

சாயங்காலம் குரூப்புல மீட்டர் போட்டோவைப் போட்டு, "50 டிகிரி பொய். அயர்னிங்ல 42 நிஜம். லேப்ல துணிக்கு 20"ன்னு எழுதினேன். இந்தத் தடவை ஒரு கட்டைவிரல்கூட வரல. பத்து நாள் கழிச்சு ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வந்துச்சு. அதுல ஒண்ணுதான் ஓடுது.

அக்காகிட்ட சொன்னப்ப சிரிச்சாங்க. "இத மொதல்லயே போட்டிருக்கலாமில்லீங்க தம்பி?"

டிஸ்கி: ஜூலையில அடுத்த மெசேஜ் வந்துருச்சு. பூமி சூரியனை விட்டு 66 சதவீதம் தள்ளிப் போகுதாம், அதான் குளிருதாம். நிஜத்துல கிட்ட வர்றப்ப சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், தள்ளிப் போறப்ப 15.2 கோடி. வித்தியாசம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான், நீங்களே போட்டுப் பாருங்க. இங்க சிலுசிலுன்னு இருக்கறது பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துனாலங்க. அந்தக் காத்தும் அயர்னிங் செக்ஷனுக்குள்ள வர்றதில்ல. இதையும் சேர்த்தே குரூப்புல போட்டுட்டேன்.