வெண்கலக் குதிரையும் வீட்டுக்காரியும்

அமெரிக்காவின் வடகோடியில், மான்டனா மாநிலத்தில், கிரேட் ஃபால்ஸ் என்று ஓர் ஊர். மிசௌரி ஆற்று நீர்வீழ்ச்சிகளால் வந்த பெயர். எல்லோரும் அருவி பார்க்கப் போனார்கள். நான் சார்லஸ் ரஸ்ஸலின் வீட்டுக்குப் போனேன்.

யார் அவர் என்கிறீர்களா? செயின்ட் லூயிஸ் நகரத்துப் பிள்ளை. படிப்பில் மனம் ஒட்டாமல் 1880-ல், பதினாறு வயதில், இந்தப் பக்கம் வந்துவிட்டார். அப்புறம் வருஷக்கணக்கில் மாடு மேய்க்கிற வேலைதான். இராத்திரி மந்தைக்குக் காவல். பகலில் படம் வரைவது. பையில் எப்போதும் ஒரு மெழுகு உருண்டை இருக்குமாம். பேசிக்கொண்டே பிசைவார், பார்த்தால் கையில் குதிரையோ கரடியோ நிற்கும்!

வீட்டை ஒட்டியே பட்டறை. 1903-ல் டெலிபோன் கம்பங்களை அடுக்கிக் கட்டிய மரக்குடில். கணப்பு நெருப்பில் பீன்ஸும் ரொட்டியும் தானே சமைத்து சிநேகிதர்களுக்குப் போடுவாராம். பாத்திரம் தேய்த்தது யாரோ, தெரியாது!

பக்கத்து மியூசியத்தில் அவருடைய வெண்கலச் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமே! குதிரை திமிறும்போது சவாரிக்காரன் இடுப்பு எப்படி வளையும் என்பது சேணத்தில் உட்கார்ந்து பழகினவனுக்குத்தானே தெரியும்? முதன்முதல் வெண்கலத்தில் வார்த்தது 1904-ல். பின்னங்காலில் நிமிர்ந்த குதிரைமேல் ஒருவன் துப்பாக்கியை உயர்த்துகிறான். அதை வார்க்க நியூயார்க் வரை போக வேண்டியிருந்தது.

ஆனால் என்னைக் கட்டி நிறுத்தியது அவர் மனைவி நான்ஸியின் கதைதான். தாயை இழந்து, ஒரு குடும்பத்தில் வீட்டு வேலைக்கு இருந்த பெண். 1896-ல் கல்யாணம். அவளுக்குப் பதினெட்டு, அவருக்கு முப்பத்திரண்டு. மனுஷர் படங்களை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார், சும்மாவும் கொடுத்துவிடுவார். கணக்கை இவள் கையில் எடுத்தாள். அவள் சொன்ன விலையைக் கேட்டு அவரே அரண்டு போனாராம். செத்துப்போன ஓவியர்களுக்கல்லவா அந்த விலை என்று! வேலை நேரத்தில் வந்து உட்காரும் குடிக்கூட்டாளிகளையும் அவள் விடவில்லை. அவர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டுமே! வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? 1911-ல் நியூயார்க்கிலும் 1914-ல் லண்டனிலும் கண்காட்சி நடந்தது. 1916-ல் ஜாக் என்ற குழந்தையைத் தத்து எடுத்தார்கள்.

மோட்டார் கார் என்றாலே ரஸ்ஸலுக்குப் பிடிக்காது. 1926 அக்டோபரில் அவர் இறந்தபோது, இறுதி ஊர்வலத்துக்குக் குதிரை வண்டிதான் வந்தது. தெருவோரம் நின்று பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு விட்டார்களாம்.